ஃபாரடே பை: எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கைப்பேசி, சின்ன டேப்லெட், கார் சாவி இவற்றைப் போட்டு மூடி, ரேடியோ அலை உள்ளே வராமலும் வெளியே போகாமலும் தடுக்கிற ஃபாரடே பை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். விலை 2,600 ரூபாய். வெளியே கறுப்பு நைலான், உள்ளே நிக்கலும் செம்பும் பூசிய சாம்பல் நிறத் துணி இரண்டு அடுக்கு. வாயை இரண்டு முறை மடித்து வெல்க்ரோவால் ஒட்ட வேண்டும். கூடவே வந்த அட்டையில் மூன்று விஷயங்களைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: சிக்னல் முழுவதும் தடைபடும், 80 டெசிபல் தடுப்பு (அலை எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு டெசிபல்), மின்காந்தத் துடிப்பு ஆயுதங்களிலிருந்து, அதாவது திடீர் மின்காந்த அலையை வீசிக் கருவிகளைச் செயலிழக்க வைப்பவற்றிலிருந்து, பாதுகாப்பு. முதல் இரண்டைச் சோதித்துப் பார்க்கலாம், பார்த்தேன். மூன்றாவதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நிறைய பேர் பணம் கொடுப்பது அந்த வரிக்காகத்தான் என்பது விற்பனைப் பக்கத்தில் உள்ள கேள்விகளைப் படித்தாலே தெரிகிறது.

நான் சரக்குக் கப்பலில் மின் அதிகாரி. கப்பலில் இ.டி.ஓ. என்பார்கள். சொந்த ஊர் தூத்துக்குடி. ராடார், ஜிபிஎஸ், மின்னணு வரைபடம், பக்கத்துக் கப்பல்களின் இடத்தைக் காட்டுகிற ஏஐஎஸ், திசை காட்டுகிற கைரோ என்று பாலத்தில், அதாவது கப்பலைச் செலுத்துகிற அறையில், உள்ள எல்லாக் கருவிக்கும் பழுது வந்தால் என்னைத்தான் எழுப்புவார்கள். பாரசீக வளைகுடா, செங்கடல் பக்கம் போகிறவர்களுக்கு ஜிபிஎஸ் குழம்புவது இப்போது பழகிப்போன விஷயம். திடீரென்று அலாரம் அடிக்கும், வரைபடத்தில் நம் கப்பல் பாலைவனத்துக்குள் நிற்கும். ஏஐஎஸ் திரையில் பக்கத்துக் கப்பல்களெல்லாம் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவை பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் சண்டை நடந்தபோது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கப்பல்களுக்கு இந்தக் குறுக்கீடு இருந்ததாகக் கடல்சார் கண்காணிப்பு நிறுவனங்கள் கணக்கிட்டன. அதனால் மின்காந்த ஆயுதம் என்றால் எனக்கு அது எதிர்காலக் கதை கிடையாது, வேலை நேரத்தில் வருகிற தொல்லை. அந்த அக்கறையோடுதான் இந்தப் பையைப் பிரித்தேன்.

முதலில் கைப்பேசி. உள்ளே போட்டு, வாயை இரண்டு மடிப்பும் மடித்து ஒட்டி, இன்னொரு எண்ணிலிருந்து அழைத்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்’ என்று வருகிறது. புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு உடனே அறுந்துவிடுகிறது. வைஃபையும் போய்விடுகிறது. ஆனால் ஒரே ஒரு மடிப்போடு விட்டால் மணி அடிக்கிறது! மூடும் இடத்தில் இருக்கிற இடுக்குதான் காரணம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெறும் 12.5 சென்டிமீட்டர். அதில் பாதி நீளத்துக்கு ஓர் இடுக்கு கிடைத்தால் போதும், அலை தாராளமாக நுழைந்துவிடும். எனவே இந்தப் பையின் தரம் துணியில் பாதி, மடிக்கிற கையில் பாதி. டேப்லெட்டைத் திணித்து வாய் சரியாக மடியாமல் போனால் பை இருந்தும் இல்லாத மாதிரிதான். வாங்குகிறவர்கள் வைக்கப்போகும் பொருளைவிட ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

இன்னொரு விஷயம்: கைப்பேசியை அணைக்காமல் உள்ளே போட்டால் அது கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். பை சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும். விமானப் பயன்முறையில் வைத்துவிட்டு, அல்லது அணைத்துவிட்டுப் போடுவதுதான் நல்லது. இதை அட்டையில் எழுதவே இல்லை. கட்டாயம் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து கப்பலுக்குள் பேசுகிற யு.எச்.எஃப் வாக்கிடாக்கியை உள்ளே வைத்து மூடினேன். கூட இருந்த கேடட், அதாவது பயிற்சியில் இருக்கிற நாகர்கோவில் பையன், நாலடி தூரத்தில் நின்று பேசினான். பைக்குள்ளிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

“சார், உள்ள இருந்தும் கேக்குதே, அப்ப டூப்ளிகேட்டா?”

“அவசரப்படாத தம்பி. ரெண்டு தளம் கீழ போய்ப் பேசு.”

கீழே போய், இரண்டு இரும்புக் கதவுகளைத் தாண்டி நின்று பேசினான். பைக்குள் சத்தமே இல்லை. பையைத் திறந்தால் கேட்டது, மூடினால் போயிற்று. வாக்கிடாக்கி என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலைக்கூடப் பிடித்துவிடுகிற கருவி. நாலடியிலிருந்து வருகிற அலையின் திறனை 60 டெசிபல், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அதற்குத் தாராளமாகப் போதும். ஆகவே பக்கத்தில் நின்று பேசி, கேட்கிறது என்பதற்காகப் பையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் பலர் செய்திருப்பது இந்தச் சோதனையைத்தான்.

மூன்றாவதாக ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ. எஃப்.எம். அடங்கிவிட்டது. மத்திய அலையில் வைத்தபோது பலமான நிலையம் ஒன்று மெலிதாகத் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. இதுவும் பையின் கோளாறு அல்ல. அலைவெண் குறையக் குறைய, காந்தப் புலத்தைத் தடுக்க மெல்லிய பூச்சு போதாது, கனமான உலோகம் வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் 80 டெசிபல் எந்த அலைவெண்ணில் என்று சொல்லாததுதான் என் குறை. தடுப்பு என்பது ஒற்றை எண் கிடையாது, அலைவெண்ணோடு ஏறி இறங்குகிற ஒரு கோடு. சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் போன்ற ஆய்வகத்தில் சோதித்தால் அந்தக் கோட்டை வரைந்து கொடுத்துவிடுவார்கள். அப்படி ஓர் அறிக்கையின் படத்தைக்கூட இந்த விற்பனையாளர் போடவில்லை. கேட்டு எழுதியதற்கு ‘ராணுவத் தரம்’ என்று பதில் வந்தது. எந்தத் தரம், எந்த எண் என்று திரும்பக் கேட்டேன். பதில் இல்லை.

சரி, மூன்றாவது வாக்குறுதிக்கு வருவோம்.

மின்காந்தத் துடிப்பு என்றதும் எல்லோரும் நினைப்பது உயரத்தில் வெடிக்கிற அணுகுண்டு. அதற்கு உண்மையான சாட்சி உண்டு. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக்கில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். அங்கிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் ஏறக்குறைய 300 தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு அலாரங்கள் தாமாக அலறின, மைக்ரோவேவ் தொலைபேசி இணைப்பு ஒன்று போனது. வெடிப்பு விட்டுச்சென்ற கதிர்வீச்சில் பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 உட்படச் சில செயற்கைக்கோள்கள் சேதமடைந்தன. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சோவியத் யூனியன் கஜகஸ்தானுக்கு மேலே செய்த சோதனையில் 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசிக் கம்பியின் பாதுகாப்பு ஃபியூஸ்கள் எரிந்தன, கரகண்டா மின்நிலையத்தில் தீப்பிடித்தது.

பாதிக்கப்பட்டவை எவை என்று கவனியுங்கள். தெருவிளக்கு வரிசை, தொலைபேசிக் கம்பி, மின்நிலையம். எல்லாமே நீளமான கம்பியில் கட்டப்பட்டவை. இந்தத் துடிப்புக்கு மூன்று பகுதிகள் உண்டு. ஈ-1 என்கிற முதல் பகுதி சில நானோ விநாடிகளில் உச்சத்துக்கு ஏறிவிடும். பாதுகாப்புத் தரங்களில் இதற்கு மீட்டருக்கு 50,000 வோல்ட் என்று கணக்கு வைக்கிறார்கள். இரண்டாவது பகுதி மின்னலைப் போன்றது. ஈ-3 என்கிற மூன்றாவது பகுதி மெதுவானது, விநாடிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்கு வரை நீடிக்கும், நீண்ட மின்கடத்திகளில் மின்னோட்டத்தை ஏற்றி டிரான்ஸ்ஃபார்மர்களைப் பதம் பார்க்கும். சூரியப் புயலும் இந்த மூன்றாவது வேலையைச் செய்யும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தின் மின்தொகுப்பு 90 விநாடிகளில் விழுந்து, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தது அப்படித்தான்.

இதில் இந்தப் பை எங்கே வருகிறது? 80 டெசிபல் உண்மையானால் 50,000 வோல்ட் புலம் உள்ளே 5 வோல்ட்டாகிவிடும் (வாக்கிடாக்கியில் சொன்னது அலையின் திறன், இது புலம்; திறன் பத்து லட்சத்தில் ஒரு பங்கானால் புலம் ஆயிரத்தில் ஒரு பங்காகும்). 60 டெசிபல் என்றால் 50 வோல்ட். இரண்டுமே உள்ளே இருக்கிற கைப்பேசிக்குப் பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் சார்ஜரில் மாட்டாத, கம்பி எதுவும் இல்லாத கைப்பேசி வெறுமனே மேசையில் கிடந்தாலும் அதற்கு ஆபத்து குறைவு. அது சின்னப் பொருள், புலத்தைப் பிடித்துக்கொள்ள அதில் நீளம் இல்லை. அடி வாங்குவது கோபுரம், மின்தொகுப்பு, ஃபைபர் வழியில் உள்ள ஆம்ப்ளிஃபையர், தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் கன்ட்ரோல் பேனல். பையிலிருந்து கைப்பேசியைப் பத்திரமாக எடுத்து யாரை அழைப்பீர்கள்? வரைபடம், மருந்துக் குறிப்பு, ஆவண நகல்கள் இவற்றைச் சேமித்து வைத்திருந்தால் அதற்குப் பயன்படும். அதைத் தாண்டி ‘துடிப்பு ஆயுதத்திலிருந்து பாதுகாப்பு’ என்று விற்பது, மக்களின் பயத்தில் பணம் பார்க்கிற வேலை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது. கப்பலில் வேலை செய்கிற பையன்களின் பெற்றோர்கூட இந்த வரியைப் படித்துவிட்டு வாங்கி அனுப்புகிறார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. மின்காந்த ஆயுதம் என்றால் அணுகுண்டு மட்டும்தான் என்று நினைப்பதால், நிஜமாக நடந்துகொண்டிருக்கும் போரை நாம் கவனிக்காமல் விடுகிறோம். உக்ரைன் போரைப் பாருங்கள். அங்கே ட்ரோன்களை விழவைக்கிற பெரிய ஆயுதங்களில் ஒன்று ஜாமிங், அதாவது இரைச்சல் அலையை வீசிச் சிக்னலை அமுக்குவது. 2023 மே மாத அறிக்கையில் லண்டனின் ரூசி ஆய்வு நிறுவனம், உக்ரைன் மாதத்துக்கு ஏறத்தாழ 10,000 ட்ரோன்களை இழப்பதாகக் கணித்தது, ரஷ்யாவின் மின்னணுப் போர்க் கருவிகளை அதற்குப் பெரிய காரணமாகச் சொன்னது. அதற்கு மாற்றாகத்தான் 2024-லிருந்து இரு தரப்பும் ஃபைபர் கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கிற ட்ரோன்களை இறக்கின. அலையே இல்லையென்றால் எதைத் தடுப்பது? இன்று வயல்களிலும் மரங்களிலும் அந்தக் கண்ணாடி இழைகள் சிலந்தி வலையாகச் சிக்கிக் கிடக்கின்றன.

ஜிபிஎஸ் இவ்வளவு எளிதாகக் குலைவதற்குக் காரணம் உண்டு. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தரைக்கு வந்து சேரும்போது சிக்னல், ஏற்பியின் சொந்த இரைச்சலைவிடவும் பலவீனமாக இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இரைந்தால் முடிந்தது. பொய்யான சிக்னல் கொடுத்து இடத்தையே மாற்றிக் காட்டுவது இதன் அடுத்த படி. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் துறைமுகத்தருகே இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், தாங்கள் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகத் திரையில் கண்டன. 2025 மே மாதம் ஜெட்டா அருகே எம்எஸ்சி அன்டோனியா என்ற கன்டெய்னர் கப்பல் தரைதட்டியபோதும் ஜிபிஎஸ் குறுக்கீடு காரணமாக இருக்கலாம் என்று கண்காணிப்பு நிறுவனங்கள் சொன்னன.

இதற்கெல்லாம் ஃபாரடே பை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சிக்னல் கிடைக்காமல் தவிக்கிற கருவியைச் சிக்னலே புகாத பைக்குள் போடுவதில் என்ன பயன்?

சிக்னலைக் குழப்புவதோடு நிற்காமல் கருவியையே கெடுத்து அழிக்கிற ரகமும் வந்துவிட்டது. உயர்திறன் மைக்ரோவேவ் ஆயுதம். 2012 அக்டோபர் 16 அன்று போயிங்கும் அமெரிக்க விமானப்படையும் யூட்டா பாலைவனத்தில் சேம்ப் என்ற ஏவுகணையைப் பறக்கவிட்டன. வெடிக்காமல், கட்டடங்களின் மேல் மைக்ரோவேவ் துடிப்பை வீசிக்கொண்டே போய் ஒரே பறப்பில் ஏழு இலக்குகளைத் தாக்கியது. உள்ளே இருந்த கணினிகள் அணைந்தன, அதைப் படம் பிடிக்க வைத்திருந்த கேமராவும் சேர்ந்து அணைந்தது. 2025 ஆகஸ்டில் இண்டியானாவில் நடந்த சோதனையில் எபிரஸ் நிறுவனத்தின் லியோனிடஸ் கருவி ஒரே துடிப்பில் 49 ட்ரோன்களைத் தரையில் போட்டது. பிரிட்டனில் தேல்ஸ் நிறுவனத்தின் தலைமையில் உருவான ரேடியோ அலைக் கருவி ஒரு கிலோமீட்டர் தூரம் வரை எட்டும் என்கிறார்கள். ஒருமுறை சுட ஆகும் செலவு 10 பென்ஸ், நம் கணக்கில் பத்துப் பன்னிரண்டு ரூபாய். லட்சக்கணக்கில் செலவழித்து ஏவுகணை விட்டு மலிவான ட்ரோன் ஒன்றை வீழ்த்தும் படைகளுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். வரும் போர்களில் மின்காந்த ஆயுதத்தின் இடத்தை முடிவு செய்யப்போவது இந்த விலைதான் என்று நான் நம்புகிறேன். கூட்டமாக வருகிற ட்ரோன்களுக்கு எதிராக, துறைமுகத்தைச் சுற்றி, கப்பல் மேல்தளத்தில், ராணுவ முகாம் வாசலில் இவை வந்து நிற்கும். ஊரையே இருளாக்குகிற ஒற்றை வெடிப்பைவிட இதுதான் அன்றாடம் நடக்கும். தூரம் கொஞ்சம் என்பதும், நடுவில் வருகிற நண்பனின் கருவியையும் சேர்த்து எரித்துவிடும் என்பதும் இதன் பலவீனங்கள்.

இந்த மைக்ரோவேவ் ஒரு கருவிக்குள் இரண்டு வழியாகப் போகும். ஆன்டெனா வழியாக நேராகப் போவது ஒன்று, அதை முன்வாசல் என்பார்கள். கேபிள், மூடியின் இடுக்கு, காற்றோட்டத் துளை வழியாகப் போவது பின்வாசல். நான் கப்பலில் பார்க்கிற இடமெல்லாம் பின்வாசல்தான். இரும்புக் கூடு கடலில் மிதக்கிற பெரிய கூண்டு, அது நல்ல தடுப்பு. ஆனால் பாலத்தைச் சுற்றி முழுக்கக் கண்ணாடி, மேலே பத்துப் பதினைந்து ஆன்டெனா, அவற்றிலிருந்து இறங்குகிற நீளக் கேபிள்கள். அந்தக் கேபிள்களின் உறையை நுழைவாயிலில் சுற்றிலும் இரும்போடு சரியாக இணைத்திருக்கிறார்களா, உப்புக் காற்றில் எர்த் பட்டை பச்சை பூத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பது ஆயிரம் பைகளுக்குச் சமம். விளம்பரத்தில் வராத வேலை, ஸ்பேனரும் எமரித் தாளும் போதும்.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது தருவைக்குளத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி இந்தப் பையைப் பார்த்துவிட்டு, “தம்பி, நம்ம கை ஜிபிஎஸ்ஸுக்கு இது ஒண்ணு வாங்கிப் போட்டுருவோமா? எல்லை தெரியாம அங்கிட்டுப் போயிட்டா பிடிச்சிருவானே” என்று கேட்டார். அவர் பயம் நியாயமானது. 2016-இல் வட கொரியா ஜிபிஎஸ்ஸைக் குலைத்தபோது தென் கொரியாவின் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கரை திரும்பின. ஆனால் அவருக்கு நான் சொன்னது: “வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் காசுக்கு நல்ல காந்தத் திசைகாட்டி ஒண்ணு மாட்டுங்க. புறப்படும்போது திசை, வேகம், நேரம் மூணையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ஜிபிஎஸ் சொல்றதும் நோட்டு சொல்றதும் ஒத்துப்போகலைன்னா திரும்பி வந்துருங்க.” எங்கள் கப்பலிலும் இப்போது இதே பழக்கத்தைத்தான் இறுக்கிப் பிடிக்கிறோம். ராடாரில் கரையின் தூரத்தையும் திசையையும் எடுத்து, வரைபடத்தில் குறித்து, ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுவது. பழைய முறை, ஆனால் ஜிபிஎஸ்ஸை ஜாம் செய்தாலும் குலையாத முறை.

பிறகு எதற்குத்தான் இந்தப் பை? சாவி இல்லாமல் திறக்கிற கார் வைத்திருப்பவர்களுக்கு நிச்சயம் பயன்படும். வீட்டுக்குள் இருக்கிற சாவியின் சிக்னலை வெளியே கடத்தி வண்டியைக் கிளப்புகிற திருட்டை இது நிறுத்திவிடும். தன் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாத நேரத்தில் பத்திரிகையாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உதவும். காவல் துறையினர் கைப்பற்றிய கைப்பேசியைத் தூரத்திலிருந்து யாரும் அழித்துவிடாமல் இருக்க இந்த மாதிரிப் பையில்தான் போடுகிறார்கள். இந்த வேலைகளுக்கு இது நல்ல பொருள், கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

தேய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கியவுடன் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் உள்துணியில் ஒரு சாண் இடைவெளியில் வைத்துப் பார்த்தேன், மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவு, அதாவது பூச்சு நன்றாக இருக்கிறது. ஒரு கப்பல் ஒப்பந்தக் காலம் முழுவதும் பயன்படுத்திய பிறகு நடுத்துணி அப்படியே இருக்கிறது. ஆனால் மடிப்பு விழுகிற கோட்டின் குறுக்கே வைத்தால் அளவு பல ஓம் ஏறி, விரலால் அழுத்தும்போது துள்ளுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மடிப்பில் பூச்சு உதிர்ந்து வெள்ளை நூல் தெரிகிறது. கடல் ஈரம் அதை வேகப்படுத்தியிருக்கும், ஊரில் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அலை புகுகிற இடமும் அந்த மடிப்புதான் என்பதால் இது சின்னக் குறை அல்ல. உத்தரவாதத்தில் ‘மடிப்புத் தேய்மானம் சேராது’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கார் சாவிக்கும் கைப்பேசிக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். துடிப்பு ஆயுத வரிக்காக ஒன்றைக் கழிக்கிறேன், ஆகவே மூன்று. 4,100 ரூபாய்க்கு லேப்டாப் அளவிலும் வைத்திருக்கிறார்கள். துணி அதே துணி, வாய் மட்டும் அகலம். அகல வாயில் இடுக்கும் நீளமாகும் என்பதால் அதை வாங்க வேண்டாம். மடிப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டரில் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள் கைப்பேசியை உள்ளே போட்டு அழைத்துப் பாருங்கள், மணி அடித்தால் புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது.